மூன்று மாதம் நடந்தும் எடை குறையவில்லை. பிறகு உடற்பயிற்சி எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். உங்களுக்கு வயது 46, உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று சொல்லி, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதமாக வாரத்தில் ஐந்து நாள், வீட்டருகே உள்ள பூங்கா இணைப்புப் பாதையில் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள். எடைத்தராசு அசையவில்லை. "சாப்பாட்டைக் குறைத்தால் போதும், நடப்பதெல்லாம் நேர விரயம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதானா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உடற்பயிற்சியால் எடை குறையுமா என்பது ஒன்று. எடையைக் குறைக்க முயலும் ஒருவருக்கு உடற்பயிற்சியால் என்ன நன்மை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் உங்கள் வீட்டார் பக்கம் சாயும். இரண்டாவது கேள்வியில் அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையிலும் பிறகு சமூக மறுவாழ்வு நிலையத்திலுமாகப் பல ஆண்டுகள் இதே தொழிலில் இருக்கிறேன். உணவியல் எனக்கு ஓரளவே தெரியும். உங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே சொல்வதை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 72 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைவிட ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். உடல் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் என்று மூன்று மாதம் நடந்தால், காகிதக் கணக்கில்கூட இரண்டு கிலோவுக்குக் குறைவாகவே இறங்க வேண்டும். அதுவும் மற்ற எதுவும் மாறாதிருந்தால்தான். நடந்து முடித்து, உணவங்காடி நிலையத்தில் இரண்டு முட்டை பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் செலவானதைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விடும். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. 200 கலோரி என்பது எவ்வளவு சிறிய தொகை என்பதற்காகச் சொல்கிறேன். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே காட்டியது: உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள், உணவை மட்டும் கட்டுப்படுத்தியவர்களைவிடச் சராசரியாக ஒரு கிலோ அளவே கூடுதலாக இழந்தார்கள். ஆகவே மூன்று மாதத்தில் தராசு நகரவில்லை என்பதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை. நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிட்டதாகவும் அதற்குப் பொருள் இல்லை.

உடல் ஈடுகட்டிக்கொள்கிறது என்பது இதற்கு மற்றொரு காரணம். பயிற்சி செய்யத் தொடங்கியதும் சிலருக்குப் பசி கூடுகிறது. சிலர் "இன்றைக்குத்தான் நடந்துவிட்டோமே" என்று மீதி நேரத்தில் தங்களை அறியாமலே குறைவாக அசைகிறார்கள், மின்தூக்கிக்குக் காத்து நிற்கிறார்கள், சாய்ந்து உட்கார்கிறார்கள். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களை ஆராய்ந்து 2012இல் மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் வெளியிட்ட முடிவு இந்தத் துறையையே சற்று உலுக்கியது: உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாள் முழுதும் நடக்கும் அந்த மக்களின் மொத்தக் கலோரிச் செலவு, அமெரிக்க நகரவாசிகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உடல் ஒரு பக்கம் கூடுதலாகச் செலவழித்தால் வேறு பக்கத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவருடைய விளக்கம். ஈடுகட்டல் நடக்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு, யாருக்கு, எந்த வழியில் என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைக்கடிகாரம் காட்டும் கலோரி எண்ணையும் நம்பிச் சாப்பிட வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை இதயத்துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும், இருப்பவற்றில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது.

இதோடு நிறுத்தினால் உங்கள் வீட்டார் சொன்னது சரியென்று ஆகிவிடும். ஆனால் தராசு ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டுகிறது. அந்த எண்ணில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அது சொல்வதில்லை. உணவை மட்டும் குறைத்து எடையை இறக்கும்போது, இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பு அல்லாத திசுவாக இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. அதில் தசையும் அடக்கம். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து, பத்துப் பதினைந்து கிலோ இறக்கிவிட்டு, முழங்கால் வலி என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சட்டை தொளதொளத்து, பார்ப்பவர்களெல்லாம் "நன்றாக இளைத்துவிட்டீர்களே" என்று பாராட்டிய பிறகு வருவார்கள். கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொல்வேன். உடல் முன்னே சாயும். முழங்கால்கள் இரண்டும் உட்புறமாக ஒன்றையொன்று நெருங்கும். இருக்கையிலிருந்து ஒரு சாண் உயர்ந்ததும் தயங்கி நின்று, ஒரு கை தானாகத் தொடையில் போய் ஊன்றும். அதற்குப் பிறகுதான் முழுதாக நிமிர்வார்கள். எடை இறங்கியது உண்மை. அந்த எடையைத் தூக்க வேண்டிய தொடைத் தசையும் கூடவே கரைந்துவிட்டது. நடைமேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற முடியாமல் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

இதைத் தடுக்க வழி இருக்கிறது என்பது ஓரளவு உறுதியாகத் தெரிந்த செய்தி. உடற்பருமன் கொண்ட, 65 வயதைக் கடந்த 160 பேரை வைத்து டென்னிஸ் வில்லரியல் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு நடை போன்ற மூச்சிரைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பு அல்லாத திசுவில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். தசைவலுப் பயிற்சி செய்தவர்கள் 2 விழுக்காட்டை மட்டுமே இழந்தார்கள். இரண்டையும் செய்தவர்களுக்கு அது 3 விழுக்காடு. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் இரண்டையும் செய்தவர்களிடமே மிகுதியாக முன்னேறியது. நீங்கள் அந்த வயதை எட்டவில்லை, ஆகவே எண்கள் அப்படியே உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போக்கு ஒன்றுதான். நடையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். நம்மவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒரே உடல் எடைக் குறியீட்டிலும் (BMI, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) ஐரோப்பியரைவிடத் தசை குறைவாகவும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குவதாகவும் 27.5ஐ எட்டினால் அதிக ஆபத்து என்றும் சுகாதார அமைச்சு வகுத்திருப்பதற்கு ஆசியர்களின் உடலமைப்பே அடிப்படை. உங்கள் குறியீடு 29ஐ ஒட்டி வருகிறது.

இனி, உங்களுக்கு மிக நெருக்கமான சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாத நடை வீண்போகவில்லை என்று நான் நம்புவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுசேர்க்க வழக்கமாக இன்சுலின் வேண்டும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே வாங்கும் புரதங்கள் இன்சுலின் இல்லாமலே தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. பயிற்சி முடிந்த பிறகும், அநேகமாக ஒன்றிரண்டு நாள் வரை, அந்தத் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகச் செவிசாய்க்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று நீரிழிவு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இதற்கு எடை குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு நம்மவர்களிடமே கிடைத்த சான்று ஒன்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. அந்தப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதற்கு முன்பே, சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில், உடற்பயிற்சியை மட்டும் மேற்கொண்ட பிரிவினருக்கு ஆறு ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்திருந்தது. சென்னை ஆய்வில் உணவு மாற்றமும் சேர்ந்திருந்ததால், எவ்வளவு நன்மை நடையால், எவ்வளவு தட்டில் செய்த மாற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் தராசு நகராததால் உள்ளேயும் ஒன்றும் நகரவில்லை என்ற முடிவுக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. வயிற்றுக்குள் படியும் கொழுப்பும் இப்படித்தான்: கனடாவில் ராபர்ட் ராஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறையாதபடி உணவைச் சரிக்கட்டிக்கொண்டு பயிற்சி செய்த ஆண்களுக்கும் அந்தக் கொழுப்பு குறைந்தது. ஆகவே தராசை ஓரமாக வைத்துவிட்டு, தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தருணத்தில், நாடா தோலை அழுத்தாதபடி அளக்க வேண்டும். ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே இருப்பது நல்லது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பது இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது, இறங்கிய எடை மீண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்வது. இறக்குவதில் உணவு முதன்மை. தக்கவைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ இழந்து அதை ஓராண்டாவது தக்கவைத்தவர்களே சேரலாம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பெரும்பாலோர் செய்வது உங்களைப்போல நடைதான். ஆனால் இது வென்றவர்களின் பட்டியல். நடந்தும் தோற்றவர்கள் அதில் இடம்பெறுவதில்லை என்பதால், இதைக் கொண்டு காரணகாரியத்தை நிறுவ முடியாது. அந்தக் குறையை 2021இல் டென்மார்க்கிலிருந்து வந்த சோதனை ஓரளவு ஈடுசெய்கிறது. எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 13 கிலோ இழந்த 195 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்; ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, எதுவும் செய்யாதவர்களைவிட உடற்பயிற்சிப் பிரிவினர் 4 கிலோவும், லிராகுளுடைடு என்ற எடைக் குறைப்பு ஊசியும் பயிற்சியும் சேர்ந்த பிரிவினர் 9.5 கிலோவும் குறைவாக இருந்தார்கள். எடைக் குறைப்பு ஊசி பற்றி இன்று எல்லாரும் பேசுகிறார்கள். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் தசை கரைகிறது என்பதால் பயிற்சி தேவைப்படாமல் போவதில்லை.

ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை ஆகியவற்றிலும் நன்மை உண்டு. அவற்றைப் பற்றி எங்கும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும், உறுதியாகத் தவறென்று தெரிந்தவையும் சில உண்டு. காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்பார்கள். பயிற்சி நேரத்தில் கொழுப்பு சற்று அதிகமாக எரிகிறது என்பது சரி. வாரக்கணக்கில் பார்க்கும்போது உடல் கொழுப்பில் அது வேறுபாட்டை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. காலையா மாலையா என்ற வாதமும் முடிவுக்கு வரவில்லை. நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் பார்த்தால் பத்து மணிக்கு முன்னும் ஆறு மணிக்குப் பின்னும் நடப்பதே அறிவு, அவ்வளவுதான். தசை கூடினால் தூங்கும்போதும் கலோரி எரியும் என்று உடற்பயிற்சிக்கூட விளம்பரங்கள் சொல்வது மிகைப்படுத்தல். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 13 கலோரி மட்டுமே. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வியர்வைக்கும் கொழுப்புக்கும் தொடர்பே கிடையாது. நெகிழி உறையை வயிற்றில் சுற்றிக்கொண்டு ஓடுபவர்களை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இன்றும் பார்க்கிறேன், அவர்கள் இழப்பது தண்ணீர். ஒரு போத்தல் குடித்ததும் அது திரும்பிவிடும்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதை மாற்றுவேன்? நடையை விட மாட்டேன், வேகத்தைச் சோதிப்பேன். நடக்கும்போது துணைக்கு வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வைத்தால் மிதமான வேகம். கைப்பேசியைப் பார்த்தபடி, வழியில் தெரிந்தவர்களிடம் நின்று பேசி நடக்கும் ஒரு மணி நேரத்தில் உண்மையான பயிற்சி இருபது நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாக மட்டுப்படுத்துகிறது. இரவு உணவுக்குப் பிறகு புளோக்கைச் சுற்றி வந்தாலே போதும். மழை பெய்தால் கீழ்த்தளத்திலேயே நடக்கலாம். மூன்று வேளையும் முடியாவிட்டால் சோறு அதிகமாகச் சாப்பிடும் வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி வேண்டும். சிங்கப்பூரின் உடலியக்க வழிகாட்டியும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு இதையும் சேர்த்தே சொல்கிறது. மக்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நான் மேலே சொன்ன நாற்காலிச் சோதனையே பயிற்சியாகவும் பயன்படும். சுவரை ஒட்டி வைத்த நாற்காலியின் முன்பகுதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்கால்கள் இரண்டாம் கால்விரலின் நேர்கோட்டிலிருந்து விலகாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு முறை, இடையில் ஓய்வு, பிறகு இன்னொரு சுற்று. பன்னிரண்டு எளிதாகிவிட்டால் அரிசிப் பையையோ தண்ணீர்ப் போத்தல்களையோ மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். கடினம் கூடிக்கொண்டே போகாவிட்டால் தசை வளராது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும், இரண்டு மாடி படியேறுவதும் இதோடு சேரலாம். உடற்பயிற்சிக்கூடம்தான் வசதி என்றால் அரசு நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி கூடங்களில் கட்டணம் குறைவு. பளு தூக்கினால் உடம்பு ஆண்களைப்போல் ஆகிவிடும் என்ற அச்சம் வேண்டாம், அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

உணவு என் துறை இல்லை என்பதால் இரண்டே செய்திகள். எடை குறைக்கும் காலத்தில் புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைவமாக இருந்தால் பருப்பு, டோஃபு, தெம்பே, தயிர் எல்லாம் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே புரதத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிடுவது என்பதைப் பலதுறை மருந்தகத்திலேயே உள்ள உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தராசு இறங்க வேண்டுமென்றால் அந்தச் சந்திப்பை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. நீரிழிவு மருந்துகளில் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இறங்கலாம். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் உடனே நிறுத்தி ஏதாவது இனிப்பைச் சாப்பிட வேண்டும். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதை இருக்கிறது. பாதம் மரத்துப்போகிறவர்கள் அதில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, குத்திய காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்து, நின்ற பிறகும் தணியாவிட்டால் 995 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழையுங்கள். நின்றதும் தணிந்துவிட்டாலும் அடுத்த நடைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் வலிக்கு நான் சொல்லும் அளவுகோல் வேறு: பயிற்சியின்போது இலேசாக வலித்து மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம், மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், வீங்கினாலோ, மடக்கிய முழங்கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.